வாழைக்கறை

எங்கள் ஜாவானிய அருங்காட்சியகத்தில் தோற்பாவைகளை மரச்சட்டத்தில்தான் நிறுத்துகிறோம். கூத்து மேடையில் பாவைகளைக் குத்தி நிறுத்தும் வாழைத்தண்டு இங்கில்லை. ஆயினும் கடோத்கஜன் பாவையின் கைப்பிடியில் காலைதோறும் ஈரமான வாழைக்கறை இருந்தது.

மேலாளர் ஜத்மிகோ, நாங்கள் ஐயா என்னும் பொருளில் ‘பாக்’ என்று அழைப்பவர், காப்பாளரான என்னை அம்மா என்னும் பொருளில் ‘இபு’ என்று அழைத்தபடியே கடிந்தார்.

“ராத்திரி கூத்துக்கு வாடகைக்கு விடுறீங்களா, இபு சுலாஸ்த்ரி? இன்னொரு தடவை கறை இருந்தா வேலை போயிடும்.”

“துடைச்சுத் துடைச்சு என் சட்டையெல்லாம் பாழாப்போச்சு, பாக்! நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வச்சுப் பாருங்களேன்.”

அவ்வாறே கொண்டுபோனார். மறுநாள் காலை, விடிய விடியக் கூத்து நடத்தியவரைப் போல் குரல் கம்மிப்போய் வந்தார்.

“பாத்தீங்களா? நான் நல்லாத் தூங்கி எழுந்தேன், கைப்பிடியில கறையே இல்ல. அப்போ திருட்டுத்தனம் உங்களோடதுதான்!”

நான் மரியாதையாகத் துடைக்கும் துணியை எடுத்துக் கொடுத்தேன். என்னை நோக்கி நீட்டிய அவருடைய கையில் வாழைக்கறை இன்னும் உலராமல் இருந்தது.