பசை காயவில்லை

விடின் நகரத்து ஆற்றங்கரையில், மரத்தில் ஒட்டியிருக்கும் மரண அறிவிப்பை முதுகால் மறைத்து நிற்கிறேன். படத்தில் இருப்பவர் என் நண்பன் யாவோரின் சித்தப்பா. பழைய சண்டையை மறந்து அவரோடு ராசியாகத்தான் தலைநகர் சோபியாவிலிருந்து என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். போன சனிக்கிழமையே கிளம்பலாம் என்றான். கடையில் தள்ளுபடி விற்பனை என்று நான்தான் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். டான்யூப் மேல் மஞ்சள் வெயில் மினுங்குகிறது. திராட்சைச் சாராயப் புட்டியை மார்போடு அணைத்தபடி யாவோர், "மொதல்ல திட்டுவாரு, அப்புறம் அவரே ஊத்திக் குடுப்பாரு பாரு. என்னடா, மரத்தோட பேரம் பேசுறியா? வாடா!" என்று என் கையைப் பிடித்து இழுக்கிறான். முதுகோடு தாளும் பிய்ந்து வருகிறது. "வியாபாரி, கோட்டுல விலைச்சீட்டக்கூடக் கழட்டலியா?" என்று சிரித்துக்கொண்டே அதை எடுக்கக் கை நீட்டுகிறான்.