கலர் வேறயா இருக்கட்டும்

பாண்டி பஜார் கடையின் கண்ணாடி மேசைமேல், டியூப்லைட் வெளிச்சத்தில், வீடியோ கேம் ஜாய்ஸ்டிக் இரண்டு கிடக்கின்றன. ஒன்று ஜப்பான் சரக்கு. சாம்பல் நிறம், தடித்த வயர், அமுக்கினால் பட்டன் மெத்தென்று இறங்கி எழும்புகிறது. மற்றது சிவப்பு, மலிவு. வயர் நூலாட்டம், பட்டன் அமுங்கினால் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. வீட்டில் நீரஜாவின் மகனிடம் இருப்பது சாம்பல். இப்போது வாங்குவது, அவனோடு விளையாட வரும் மாடிவீட்டு சஃப்வானுக்கு. அவன் அம்மா ரூபீனா பக்கத்திலேயே நிற்கிறாள். நீரஜாதான் துணைக்குக் கூட்டி வந்தாள். "எது மேடம்?" என்கிறார் கடைக்காரர். "சிவப்பே குடுங்கோ. கலர் வேறயா இருந்தாத்தான் எது யாரோடதுன்னு தெரியும், மாறிப்போகாது." சொல்லி முடித்ததும்தான் நீரஜாவுக்கு உறைக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் எவர்சில்வர்; ரூபீனா வந்தால் மட்டும் காப்பி ஊற்ற, ஜன்னலோரம் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் கண்ணாடி டம்ளர். இப்போது தன் வாயில் வந்தது, அதைப் பற்றி மாமியார் சொல்லும் அதே வார்த்தை. தெருவில் ஆட்டோ ஹாரன் விடாமல் அலறுகிறது. "இல்ல, சாம்பலே..." என்று இழுக்கிறாள் நீரஜா, யார் முகத்தையும் பார்க்காமல். ரூபீனா சிவப்பைக் கையில் எடுத்து, சிக்கிய பட்டனை நகத்தால் நெம்பி விடுகிறாள். "இதையே எடுங்க நீரஜா. எது தன்னோடதுன்னு சஃப்வானுக்குச் சொல்லாமலே தெரியும்."