பதினோரு அசை

“மேடம், இந்த மாத்திரை அட்டையில ஒரு பேரு போட்டிருக்கு. படிச்சா நாக்கு சுளுக்கிக்குது.”

மருந்துக் கம்பெனியின் விசாரணைப் பிரிவுக்குப் புதன்கிழமைதோறும் பதினோரு மணிக்குத் தவறாமல் வரும் குரல். அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“எழுத்து எழுத்தாச் சொல்லுங்க ஐயா.”

சொன்னார். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

“ஹைட்ரோகுளோரோதையசைட். ஏழு அசை வருது. ஹை-ட்ரோ-குளோ-ரோ-தை-அ-சைட்.”

“ஹைட்ரோ... குளோரோ... தையல் சைடு?”

“தையல் இல்ல ஐயா. தை. அ. சைட்.”

“தையா... சைக்கிள்?”

பக்கத்து இருக்கைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அக்கா, இவருக்குச் சொல்றதும் செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணுதான். நான் எடுத்தா ‘ராங் நம்பர்’னு வச்சிடறாரு. உங்க பொறுமைக்குக் கோயிலே கட்டலாம்.”

பொறுமையாவது ஒன்றாவது! வாரத்தின் மற்ற ஆறு நாளையும் அவள் இந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். இனி பெயர்களை இயந்திரமே சொல்லும் என்று காலையில்தான் சுற்றறிக்கை வந்திருந்தது. அதை இவரிடம் எப்படிச் சொல்வது?

“ஐயா, நாளையிலேருந்து இந்த நம்பர்ல மிஷின்தான் பேசும்.”

மறுமுனையில் இருமல் மட்டும் கேட்டது.

“நான் தப்பாச் சொன்னா மிஷின் திருத்துமா மேடம்?”

“திருத்தாது ஐயா.”

“அப்போ... இன்னும் ஒரே ஒரு பேரு. ஷாம்பு பாட்டில்ல இருக்கு.”

“நாங்க ஷாம்பு செய்யறதில்லையே ஐயா.”

“பேரு மட்டும் சொல்லுங்க. நல்ல நீளம்.”

நீளமேதான். மெ-தில்-குளோ-ரோ-ஐ-சோ-தை-அ-சோ-லி-நோன். பதினோரு அசை. ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு விட்டு, அவசரமே இல்லாமல் சொன்னாள். அவர் ஐந்தாவதில் தடுக்கினார். முதலிலிருந்து தொடங்கினார்கள். எட்டாவதில் தடுக்கினார். மறுபடியும் முதலிலிருந்து. இந்தப் பெயர் முடியவே கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

முடிந்துவிட்டது.

“ஐயா... இருமலுக்கு மருந்து சாப்பிடறீங்களா?”

“இது கம்பெனி கேக்கற கேள்வியா மேடம்?”

“இல்ல ஐயா.”

மறுமுனையில் மறுபடியும் இருமல்.

“சாப்பிடறேன்” என்றவர் போனை வைத்துவிட்டார்.

அவள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்துப் பக்கத்து இருக்கைப் பெண் பதறினாள். “என்னக்கா, அழறீங்க? பாவம், அதிகம் படிக்காத பெரியவர் போல.”

“முப்பது வருஷம் காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவருடி” என்றாள் அவள். “என் கல்யாணத்தன்னிக்கு, ‘இனி செத்தாலும் உன்கூடப் பேசமாட்டேன்’னு சொன்னாரு. எங்கப்பா சொன்ன சொல் தவறமாட்டாரு.”