ரகத்துக்கு ஒன்று

செண்பகவல்லிக்கு எந்த ஸ்வீட் கார்ன் விதையை வாங்குவதென்று முடிவாகவில்லை. சீக்கிரம் விளையும் மஞ்சளும் வேண்டும், தாமதமானாலும் தித்திக்கும் வெள்ளையும் வேண்டும். கடைசியில் ரகத்துக்கு ஒரு விதையாகக் கொல்லையில் ஊன்றினாள்.

மஞ்சள் மளமளவென்று வளர்ந்து உச்சியில் பூவெடுத்தது. காற்றடிக்கும்போதெல்லாம் அதன் மகரந்தம் உதிர்ந்தது.

"அடியே வெள்ளை, உன் கதிர்ல பட்டு நூல் விட்டுச்சா? நூல்ல பட்டாத்தானே மணி பிடிக்கும்? என் மகரந்தமெல்லாம் வீணா மண்ணுல விழுது."

"எனக்கு இன்னும் கதிரே வரலியே அக்கா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"பொறுக்கிறது என் கையிலயா இருக்கு?"

மஞ்சளின் கதிரில் நூல் விடுவதற்குள் அதன் பூ பெரும்பாலும் கொட்டித் தீர்ந்துவிட்டது. மிச்சத்தில் நாலைந்து மணிதான் பிடித்தது. மற்ற நூல்கள், வெள்ளை பூக்கட்டும் என்று காத்திருந்து காத்திருந்து பழுப்பேறிச் சுருண்டன.

ஒருநாள் வெள்ளை குதூகலமாகக் கூப்பிட்டது. "அக்கா, நான் பூத்துட்டேன்! வாங்கிக்கோ!"

மஞ்சள் நிமிரவில்லை. "உனக்காவது மிச்சம் வச்சுக்கோடி. எனக்குக் காலம் போயிடுச்சு."

செண்பகவல்லி வந்து மஞ்சளின் கதிரை ஒடித்து உரித்தாள். பொக்கை வாய்ப் பல் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணிகள்.

"சே, ரகமே சரியில்லை. அடுத்த தடவை நாலு ரகம் வாங்கி, ரகத்துக்கு ஒண்ணு போட்டுப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

வெள்ளை பதறியது. "அக்கா, ஒரே ரகத்தை நிறையச் சேர்த்து நட்டாத்தான் மணி பிடிக்கும்னு நீயாவது அவங்ககிட்டச் சொல்லக்கூடாதா?"

"நீயே சொல்லு. எனக்கு நிக்கவே தெம்பில்லை" என்று மஞ்சள் வேலியில் சாய்ந்துகொண்டது.