யார் வீட்டுச் சீக்கு?

"எங்க வம்சத்துல எல்லாருக்கும் இரும்பு எலும்பு! இந்த மூட்டுச் சீக்கெல்லாம் உங்க வீட்டுச் சரக்கு!"

டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை தலையும் திரும்பியது. தையல்காரம்மா அதையெல்லாம் சட்டை பண்ணுகிற ரகமா? கத்திரிக்கோலைவிட அவள் நாக்குதான் கூர் என்று வாடிக்கைக்காரர்களே சொல்வார்கள்.

திட்டு வாங்கிக்கொண்டிருந்தவள் அவள் தம்பி பெண்டாட்டி. பக்கத்தில் தம்பி மகள் குட்டி. வயது பதின்மூன்று. விரலும் முட்டியும் வீங்கி, காலையில் பல் தேய்க்கக்கூட படாதபாடு பட்டவள். குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

"உன் சித்திக்கு விரலெல்லாம் கோணிக்கிட்டு இருக்குமே. கல்யாணத்தன்னைக்கே என் தம்பிகிட்ட சொன்னேன், கேட்டானா?"

"சித்திக்கு இருந்தது உண்மைதான் அண்ணி."

"பின்னே எதுக்கு அப்பா வழியில ஒருத்தர் வரணும்னு கேட்டாராம் உங்க டாக்டர்? கடையில துணி மலையா குவிஞ்சு கிடக்கு. குட்டிக்காகத்தான் போட்டது போட்டபடி வந்தேன்."

"அத்தை, மெதுவா பேசுங்களேன்," குட்டி நெளிந்தாள்.

"உண்மையை ஏண்டி மெதுவா பேசணும்?"

வாய் இப்படி வெளுத்துக் கட்டினாலும், தையல்காரம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு பயம். கொஞ்ச நாளாகவே விடிந்ததும் அவள் விரல்கள் மடங்க மாட்டேன் என்கின்றன. வெந்நீரில் முக்கி வைத்தால்தான் ஊசி பிடிபடுகிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. கை போனால் கடை போச்சே! அதைவிடப் பெரிய பயம், குட்டிக்கு வந்தது தன் ரத்தத்திலிருந்தோ என்பது. அதனால்தான் இத்தனை சத்தமும்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"குட்டி, கையை இறுக்கி மூடு பார்ப்போம்," என்றார் டாக்டர்.

குட்டி முக்கால்வாசி மூடினாள்.

"சபாஷ்! போன தடவைக்கு எவ்வளவோ தேவலை. எங்கே, அத்தையும் மூடிக் காட்டுங்க."

"எனக்கென்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன்," என்று கைகளைப் பையின் அடியில் ஒளித்துக்கொண்டாள். "முதல்ல இதைச் சொல்லுங்க. இது யார் வீட்டுச் சீக்கு?"

டாக்டர் சிரித்துவிட்டார்.

"ஒரு வீட்டைக் கை காட்ட முடியாதும்மா. அப்பா வழியில கொஞ்சம், அம்மா வழியில கொஞ்சம்னு பல மரபணு சேருது. சேர்ந்த எல்லாருக்கும் வந்துடறதும் இல்ல. குழந்தைங்களோட மூட்டுவாதத்துல பல வகை, நிறைய வகை பெரியவங்களுக்கு வர்றதுலேருந்து வேற மாதிரி. ஆனா கொஞ்சம் வளர்ந்த பொண்ணுங்களுக்கு வர்ற ஒரு வகை இருக்கு. குட்டிக்கு வந்திருக்கறது அதுதான். மரபணுவைப் பார்த்தா அது பெரியவங்களோட முடக்குவாதத்துக்கு நெருங்கின சொந்தம்."

"அப்போ தப்பு யார் மேல?"

"மூக்கு யார் ஜாடையில வந்தாலும் அது யாரோட தப்பு? அப்படித்தான் இதுவும்."

தையல்காரம்மா பையின் அடியிலிருந்த தன் கைகளைக் குனிந்து பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் போய் மருந்து வாங்குங்க. நான் பின்னாலயே வர்றேன்," என்று இருவரையும் வெளியே அனுப்பினாள்.

கதவு மூடியதும் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தாள். கண்ணில் பொலபொலவென்று நீர்.

"டாக்டர், எனக்கும் இதை மூட முடியலை."

அவர் ஆச்சரியப்பட்டதாகவே தெரியவில்லை. ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார்.

"நல்ல சமயத்துல வந்தீங்க. ரத்தப் பரிசோதனை பண்ணிடலாம். அதுவாவே இருந்தாலும் இப்பவே மருந்து ஆரம்பிச்சா விரல் கோணாம காப்பாத்தப் பார்க்கலாம்."

"என் தம்பி பெண்டாட்டிக்கு மட்டும் தெரிய வேண்டாம் டாக்டர். அந்தப் பேச்சு பேசிட்டு, எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவளைப் பார்ப்பேன்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்பா வழியில ஆள் வரணும்னு நான் கேட்கவே இல்லையேம்மா. அவங்கதான் போன வாரம் தனியா வந்து சொன்னாங்க. 'எங்க அண்ணி வெந்நீர்ல கையை முக்கறதைப் பார்த்தேன். தனக்குன்னா வரமாட்டாங்க, குட்டிக்குன்னா ஓடி வருவாங்க. வழியெல்லாம் என்னைத் திட்டுவாங்க, திட்டிட்டுப் போகட்டும். அவங்க கையை மட்டும் எப்படியாவது பார்த்துடுங்க டாக்டர்'னு."