காயாத பொடி

திரையில் இரண்டு சின்ன மேடுகள் எழுந்தன.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கீழே ஓடும் அளவுகோலில், அறுபத்து நான்கில் ஒன்று. இருபத்தைந்தில் ஒன்று.

பாலக்காட்டிலிருந்து கூரியரில் வந்த பொடி அது. அனுப்பியவர் பெயர் இல்லை, மாதிரி எண் மட்டும். பொடியின் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். சுண்டுவிரல் நகம் அளவுக் குழாயில் அடைத்து, காந்தத்துக்குள் சாய்த்து நிறுத்தி, நொடிக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றவிட்டால் போதும். எந்தத் துளைக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று திரை போட்டுக்கொடுத்துவிடும்.

பென்சீன் இருக்க வேண்டும். இருந்தது.

கூடவே அந்த இரண்டு சின்ன மேடுகள்: யாரும் அழைக்காத ஐசோபுரொப்பனால்.

எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் மெத்தனாலில்தான் பொடியைக் கழுவுவார்கள். அந்த வாடை தலைவலி என்று ஐசோபுரொப்பனாலில் கழுவியவன் ஒரே ஒருவன். கழுவியதைச் சூட்டில் ஒரு நாள் முழுக்கக் காயவிடப் பொறுமை இல்லாதவனும் அவனேதான்.

"கழுவத் தெரியுது, காயவைக்கத் தெரியல. உனக்கெல்லாம் எதுக்கு ஆராய்ச்சி?"

போன ஆடியில், எல்லோர் முன்னாலும், அவள்தான் கேட்டாள்.

மறுவாரம் அவன் மேசை காலி.

எங்கே போனான்? யாருக்கும் தெரியவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. கேன்டீனில் அவன் பேச்சு வந்த நாட்களில் மட்டும் இன்னொரு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் கவனித்தோம். எங்களுக்கு வேறென்ன வேலை?

ஐசோபுரொப்பனாலில் கழுவுகிறவர்கள் நாட்டில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அது அவளுக்குத் தெரியாதா என்ன?

அரை மணி நேர வேலை. காலையில் போட்ட குழாய், மதியச் சாப்பாடு தாண்டியும் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன மேடம், இன்னும் இறக்கலையா? அந்தப் பொடிக்கே தலை சுத்தியிருக்கும்" என்றார் டெக்னீஷியன் தணிகாசலம்.

அவள் இன்னொரு மணி நேரம் கூட்டி வைத்தாள்.

நேரம் ஆக ஆக மேடுகள் தெளிந்தன. ஒல்லியான, கூரான மேடுகள். துளையை விட்டுப் போகவும் இல்லை, உள்ளே ஓரிடத்தில் நிலைகொள்ளவும் இல்லை என்று அர்த்தம்.

மூன்று மணிக்கு அறிக்கைப் படிவத்தைத் திறந்தாள். ஈரப் பொடி வந்தால் அதில் எழுத ஒரே வரிதான்: காயவைத்து, கூரியரில் மீண்டும் அனுப்பவும். ஏழு வருடங்களாக அதைத்தான் எழுதுகிறாள்.

'காயவைத்து' என்று அடித்தாள்.

அழித்தாள்.

காந்தத்துக்காகக் கழற்றி வைத்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டாள். மறுபடி கழற்றினாள்.

பிறகு ஒரே மூச்சில் எழுதி அனுப்பினாள்.

காயவைக்க வேண்டாம். நேரில் கொண்டுவரவும்.