விறாந்தையில் ஓர் இலை

“உம்மை வெளியிலயோ வைச்சுச் சாப்பாடு போடினம்?”

கூடப் படிக்கும் தில்லையம்பலம் சிரிக்காமல்தான் கேட்டான். அதனாலேயே சங்கரலிங்கத்துக்குச் சுருக்கென்றது.

“விறாந்தையில. பாயை விரிச்சு, வாழை இலை போட்டு.”

“வீட்டுக்காரர் எங்க சாப்பிடுவினம்?”

“உள்ளே. வாப்பாவும் மகன்களும் ஒரே தாம்பாளத்தைச் சுத்தி உட்கார்ந்து, ஒருத்தர் கையை ஒருத்தர் தட்டிவிட்டுக்கிட்டு... சிரிப்பு வெளியே வரைக்கும் கேட்கும்.”

“நீர் இந்தியாவில இருந்து வந்தனீர். உம்மையும் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஆள் எண்டு நினைச்சிட்டினம் போல. விடுதிக்கு வாரும். என்ர அறையில ஒரு கட்டில் சும்மா கிடக்கு.”

முப்பத்திரண்டாம் வருஷத்துக் கண்டி அது. லண்டன் மெட்ரிகுலேஷன் படிக்கவென்று அம்பாசமுத்திரத்திலிருந்து புறப்பட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் ரயிலேறி வந்து இறங்கியவன் சங்கரலிங்கம். இறங்கிய அன்று பிடித்த மழை ஒரு வாரம் விடவில்லை.

ஊர் அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. மலைகளுக்கு நடுவே யாரோ எடுத்து வைத்த மாதிரி ஒரு வாவி. நாற்காலியைக் கதிரை என்றார்கள். கடைத்தெருவில் நாலு விதமான தமிழ் கேட்டது. அந்தியில் புத்தர் கோயிலான தலதா மாளிகையில் மேளம் ஒலித்தால், அம்பாசமுத்திரத்துக் கோயில் வாசலில் நிற்பது போல இருக்கும். கண்ணைத் திறந்தால் பனி.

சாப்பாட்டு நேரம்தான் கசந்தது.

மஹ்மூத் நானாவுக்குக் கொழும்பு வீதியில் துணிக்கடை. சங்கரலிங்கத்தின் அப்பாவிடம் கைத்தறிச் சேலைகள் எடுக்கிறவர். “பிள்ளை விடுதியில கெடக்க வேணாம், எங்கட வீட்டில இரிக்கட்டும்” என்று ஸ்டேஷனுக்கே வந்து, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கட்டுக்கலையில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். அவர் மனைவியின் பெயர் சித்தி றலியா; சங்கரலிங்கம் மாமி என்று கூப்பிட்டான். பையன் சைவம் என்று அவர் புதுச் சட்டி வாங்கி, மாசிக் கருவாட்டு வாசம் கூடப் படாமல் தனியாகச் சமைத்தார்.

இவ்வளவு செய்கிறவர்கள் ஏன் உள்ளே கூப்பிடவில்லை?

அதோடு போயிற்றா? சாப்பிட்டு முடித்ததும், “இலைய நீங்களே எடுத்துப் போட்டுடுங்க மகன்” என்பார் மாமி. தண்ணீர் கேட்டால், செம்பு படாமல் உயரத்திலிருந்து கையில் ஊற்றுவார். அவன் எழுந்து நகர்ந்ததும், உட்கார்ந்திருந்த இடத்தில் தண்ணீர் தெளித்துத் துடைப்பார். கர்ம சிரத்தையாக, ஒரு வேளை தவறாமல்.

அன்று வெள்ளிக்கிழமை. பகல் தொழுகை முடிந்து மஹ்மூத் நானா வந்தபோது, சங்கரலிங்கம் பெட்டியோடு விறாந்தையில் நின்றிருந்தான்.

“நான் விடுதிக்குப் போறேன்.”

“ஏன் மகன்? சுகமில்லியா?” என்றார்.

“சுகமாத்தான் இருக்கேன்.”

உள்ளேயிருந்து சித்தி றலியா ஓடி வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்ட கையில் தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தது.

“கறி சரியில்லியா? உறைப்புக் கூடவா?”

“கறியில குறையில்லை மாமி.”

“அப்ப என்னத்துக்கு? நீங்க இப்படிப் போனா உங்கட வாப்பாக்கு நாங்க என்ன சொல்ற?”

அவன் பேசாமலே போயிருப்பான். ஆனால் மாமியின் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவனுக்கு ஆத்திரம்தான் வந்தது.

“ஒருத்தனை வெளியே உட்கார வச்சுச் சோறு போட்டு, அவன் இலையை அவனையே எடுக்கச் சொல்லி, எழுந்த இடத்தைக் கழுவியும் விடுறது எந்த ஊர் வழக்கம் மாமி?”

சித்தி றலியா திகைத்துப் போனார். புருஷனைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“உங்கட ஊர் வழக்கம்தானே மகன்?”

“றலியா, விடு. பிள்ளை போகட்டும்,” என்றார் மஹ்மூத் நானா அவசரமாக.

“இல்ல, பிள்ளைக்குத் தெரியோணும்.” மாமி அவன் பக்கம் திரும்பினார். “போன முறை சரக்கெடுக்க உங்கட ஊருக்குப் போன நேரம் இவர் உங்கட வீட்டுலதான் பகல் சாப்பாடு சாப்பிட்ட. நீங்க பள்ளிக்கூடம் போயிருந்தீங்களாம். உங்கட உம்மா வெளித் தாழ்வாரத்துல தனிய இலை போட்டாங்களாம். தண்ணிய உசத்தி ஊத்தினாங்களாம். இலைய இவர்தான் எடுத்தாராம். வந்து ஒவ்வொண்டாச் சொன்னார். ‘என்னத்துக்கு அப்படி?’ எண்டு கேட்டேன். ‘பெரிய விருந்தாளிக்கு அவங்க அப்படித்தான் மரியாத செய்ற’ எண்டார்.”

சங்கரலிங்கத்தின் கையிலிருந்த பெட்டி தானாகக் கீழே இறங்கியது.

மஹ்மூத் நானா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வெயிலடித்த முற்றத்தில் மழை வருகிறதா என்று பார்ப்பவர் போலப் படியிறங்கிப் போனார்.

சித்தி றலியா மட்டும் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“நீங்க கோவிச்சது சரிதான் மகன். உங்கட உம்மா இவர் எழும்பின இடத்துல சாணியும் கரைச்சுத் தெளிச்சாங்களாம். எங்கட வீட்டுல மாடு இல்ல. வெறும் தண்ணியத்தான் தெளிச்சேன். நாளைக்கே பக்கத்து வீட்டுல கேட்டு வைக்கிறேன், போயிராதீங்க.”